இடது பக்கத்து ஸ்டூல்

என் மூஞ்சியோட இடது பக்கம் ஒரு திங்கக்கிழமை காலைல டியூட்டிக்கு வரல. லீவ் லெட்டர் கிடையாது, ஒரு தகவல் கிடையாது. கிணத்தடில நின்னு வாய் கொப்பளிச்சேன். தண்ணி நேரா போகாம இடது ஓரமா ஒழுகி பனியனுக்குள்ள இறங்குச்சு. இன்னொரு தடவ கொப்பளிச்சேன். மறுபடியும் பனியன்தான். தூக்கக் கலக்கம்னு நினைச்சுக்கிட்டு ஷேவ் பண்ண கண்ணாடி முன்னாடி போய் நின்னா, வலது பக்கம் நான் இருக்கேன். இடது பக்கம் வேற யாரோ ஒரு ஆளு, வாழ்க்கைல ரொம்ப சலிச்சுப் போனவர், என்னையே பாத்துக்கிட்டிருக்கார்.

புருவத்த தூக்கினேன். வலது புருவம் மட்டும் போச்சு. சிரிச்சேன். வாய் மொத்தமா வலது காதப் பாத்து ஓடுச்சு. கண்ண மூடினேன். இடது கண்ணு மூடல, திறந்தபடியே நின்னு நான் கண்ண மூடறத வேடிக்கை பாத்துச்சு.

நான் யாருன்னு சொல்லிடறேன். பேரு தேவராஜ். ரயில்வே ஆபீஸ்ல கிளார்க், மேற்குத் தாம்பரத்துல வாடகை வீடு, நடு வயசு, நடு உயரம், சம்பளமும் நடுவுலதான். ஊர்ல எனக்குன்னு இருந்த ஒரே பெருமை, எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகைக்கு வருஷா வருஷம் ஏலம் விடறது நான்தான். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அன்னைக்கு சபையார் வீட்ல விளைஞ்சத, வளத்தத, சுட்டத எல்லாம் கொண்டு வந்து காணிக்கையா வைப்பாங்க. பூசணிக்காய், வாழைத்தார், கேக், கோழி, முட்டைன்னு. ஆராதனை முடிஞ்சதும் பந்தல் போட்டு அதையெல்லாம் ஏலம் விடுவோம். எடுத்தவர் பெரும்பாலும் "திருப்பி ஏலத்துக்கே"ன்னு குடுத்துடுவார். ஒரே பூசணிக்காய் நாலு கை மாறும். சாமான் விக்கறதுக்கு ஆள் எதுக்கு? சிரிக்க வைக்கறதுக்குத்தான் ஆள் வேணும். அந்த ஆளு நான்.

ஆனா சபை சிரிக்கறது எனக்கு ரெண்டாம் பட்சம். முக்கியமானது கிரேஸ் சிரிக்கறது. கிரேஸ் என் மனைவி, சேலையூர்ல ஸ்கூல் டீச்சர். அவ சிரிச்சா சத்தமே வராது. முதல்ல தோள் ரெண்டும் குலுங்கும். அப்புறம் கண்ல தண்ணி கட்டும். கடைசியா முந்தானைய எடுத்து வாய மூடிக்குவா. இந்த மூணும் வரிசையா நடக்கறத பாக்கறதுக்காகவே நான் இருபது வருஷமா ஜோக் சொல்லிக்கிட்டிருந்தேன்னு வச்சுக்குங்களேன்.

அன்னைக்கும் அதத்தான் பண்ணப் பாத்தேன். பாதி மூஞ்சியோட சமையக்கட்டுக்குள்ள போய், "கிரேஸ், இனிமே ஷேவிங் சோப்பு பாதி போதும்"னேன்.

அவ திரும்பிப் பாத்தா. கரண்டி கீழ விழுந்துச்சு. கண்ல தண்ணி வந்துச்சு. ஆனா தோள் குலுங்கல.

வீட்டுக்கார அம்மா ஓடி வந்து பாத்துட்டு, "பேய் அறைஞ்சிருக்கு சார்! நைட்டு புளியமரத்துப் பக்கம் போனீங்களா?"ன்னாங்க.

"இல்லீங்க, எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஜன்னலோரம் உக்காந்தேன்."

"அப்ப பேய் ட்ரெயின்லதான் வந்திருக்கு."

அவங்க ஜோக்குக்காகச் சொல்லல. இருந்தும் கிரேஸ் மூஞ்சில லேசா ஒரு அசைவு வந்து போன மாதிரி எனக்குத் தெரிஞ்சுது. என்னோட வயித்தெரிச்சல் அங்கேயே ஆரம்பிச்சுடுச்சுன்னு நினைக்கறேன்.

ரிக்‌ஷா வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்க பக்கத்துல இருக்கற சின்ன ஆஸ்பத்திரிதான். வெயிட்டிங் ஹால் பெஞ்சுல எனக்கு எதிர்ல ஒரு கைக்குழந்தை. குழந்தைய பாத்தா யாருமே சிரிப்போமில்ல, நானும் சிரிச்சேன். அது ஒரு நிமிஷம் என்னை உத்துப் பாத்துட்டு, ஹாலே திரும்பற மாதிரி வீல்னு கத்துச்சு. நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன்.

டாக்டர் ஒரு அம்மா. ஒல்லியா, நரைச்ச முடிய இறுக்கி கொண்டை போட்டுக்கிட்டு, அதிகம் பேசாதவங்க. கைய தூக்குங்க, கால நீட்டுங்க, என் விரல புடிச்சு அழுத்துங்கன்னு வரிசையா செய்யச் சொன்னாங்க. எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. கன்னத்த உப்பச் சொன்னாங்க. காத்து இடது பக்கமா புஸ்ஸுனு போயிடுச்சு.

"பக்கவாதம் மாதிரி தெரியல. அதுன்னா கை காலும் சேந்து போயிருக்கலாம், நெத்தி இவ்வளவு அடிவாங்கி இருக்காது. இது முகவாதம். காதுக்குப் பின்னால ஒரு நரம்பு சின்ன எலும்புச் சந்து வழியா மூஞ்சிக்கு வருது. அந்த நரம்பு வீங்கிட்டா சந்துக்குள்ள நசுங்கிடும். அப்ப அந்தப் பக்கம் வேலை செய்யாது."

"திரும்ப வருமா டாக்டர்?"ன்னு கேட்டது கிரேஸ்.

"நிறைய பேருக்கு தானா வந்துடும். வாரக்கணக்கு ஆகலாம், மாசக்கணக்கும் ஆகலாம். சில பேருக்கு முழுசா வராது. பிபி, சுகர், காது எல்லாம் பாக்கணும். அட்மிட் ஆயிடுங்க."

அந்த 'சில பேருக்கு' எனக்குள்ள போய் உக்காந்தது, அப்புறம் எழுந்திருக்கவே இல்ல.

ஆம்பளைங்க வார்டு ஒரு நீள ஹால். ஒரே ஒரு ஃபேன், அதுவும் யாருக்கும் மேல இல்ல. என் கட்டிலுக்கு இடது பக்கத்துக் கட்டில்ல இருந்தவன் மாணிக்கம், பஸ் கண்டக்டர், சொந்த ஊர் பல்லாவரம். ஃபுட்போர்டுல தொங்கிக்கிட்டிருந்த ஒரு பையனை உள்ள தள்ளிவிடப் போய், இவன் கீழ விழுந்து கால ஒடச்சிக்கிட்டான். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. என்னைப் பாத்த உடனே அவன் கேட்ட முதல் கேள்வி:

"இன்னா சார், மூஞ்சி ஒரு சைடு ஸ்ட்ரைக்கா?"

சொல்லிட்டு அவனே ஹஹ்ஹஹ்ஹான்னு சிரிச்சான். வார்டே சிரிச்சுச்சு. நல்ல ஜோக்குதான், ஒத்துக்கறேன். எனக்குத் தோணியிருக்க வேண்டியது, அதான் எரிச்சல்.

இதுல இன்னொரு கொடுமை இருந்துச்சு. அந்த நரம்புக்கு கிளை உண்டாம். ஒரு கிளை நாக்குல பாதிக்கு ருசி காட்டுது. இன்னொன்னு காதுக்குள்ள ஒரு குட்டித் தசைய புடிச்சுக்கிட்டு பெரிய சத்தத்த கொஞ்சம் அமுக்கி உள்ள விடுது. அது படுத்துட்டதால என் இடது காதுக்கு எல்லாமே டபுளா கேட்டுச்சு. ஏர்ஃபோர்ஸ் காரங்க பிளேன் மேல போனா தலையணைக்குள்ள போற மாதிரி இருக்கும். மாணிக்கம் படுத்திருந்தது இடது பக்கம். அவன் சிரிப்பு எனக்கு மட்டும் லவுட்ஸ்பீக்கர் வச்சு வரும்.

அவன் சிரிப்போட லட்சணம் என்னன்னா, முதல்ல சிரிப்பான், அப்புறம்தான் விஷயம் சொல்லுவான். "ஹஹ்ஹஹ்ஹா... ஒரு நாள் இன்னாச்சின்னா..."ன்னு ஆரம்பிக்கும்போதே பக்கத்துக் கட்டில்காரன் வாய் விரிஞ்சிடும். கடைசில பாத்தா விஷயம் ஒண்ணுமே இருக்காது. ஒரு கிழவி அரை டிக்கெட் கேட்டா, அவ்ளோதான். ஆனா வார்டு விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஆபீஸ்ல ஒவ்வொரு ஜோக்கையும் செதுக்கி செதுக்கி சொல்றவன் நான். எனக்கு எப்படி இருக்கும்?

ரெண்டாம் நாள், போர் அடிக்குதேன்னு என் பெட்டியில இருக்கறதுலயே நல்ல சரக்க அவன்கிட்ட எடுத்துவிட்டேன். சேவல் ஜோக். என் மாமனார் ஏலத்துல ஒரு சேவல் எடுத்தார். விடியக்காலைல கூவி எழுப்பும்னு பாத்தா, அது சாயங்காலம் விளக்கு வச்சதும் கூவுது. கோவமா போய் குடுத்தவர்கிட்ட கேட்டார். அவர் சொன்னார், "அது ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளந்த சேவல் சார். இந்த வாரம் அதுக்கு நைட் ஷிப்ட்." கல்யாணமான புதுசுல இருந்து கிரேஸ் இதுக்கு சிரிச்சுக்கிட்டிருக்கா. இந்த ஜோக் சொல்லி தோள் குலுங்காத வருஷம் கிடையாது.

மாணிக்கம் முழுசா கேட்டான். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் மெதுவா, "பாவம் சார் உங்க மாமனாரு. பின்ன துட்ட திருப்பி குடுத்தாங்களா?"ன்னான்.

வார்டு பெருக்கற ஆயாவும் என்னை தப்பாத்தான் புரிஞ்சுக்கிச்சு. எல்லாரும் போல நானும் கண் சிமிட்டறேன். ஆனா வலது கண்ணு மட்டும்தான் சிமிட்டும், இடது திறந்தே இருக்கும். எதிர்ல இருக்கறவங்களுக்கு அது எப்படித் தெரியும்? "ஒரு டம்ளர் தண்ணி குடும்மா"ன்னு கேட்டேன், அவ்வளவுதான்.

"இன்னாய்யா பெருசு, கண்ணடிச்சுகினு தண்ணி கேக்குது? சிஸ்டர்! இங்க வந்து பாருங்க இந்தாள!"

சிஸ்டர் வந்து விவரம் சொல்ற வரைக்கும் தண்ணி வரல. சாயங்காலம் கிரேஸ்கிட்ட இதச் சொன்னேன். இதவிட நல்ல ஜோக்க கடவுள் எனக்கு நேரடியா குடுக்க முடியாது. அவ என் மூஞ்சிய பாத்தா, "ஐயோ, தண்ணி கூட குடுக்கலியா?"ன்னு கண்ண தொடச்சிக்கிட்டா.

இப்ப அந்த ஸ்டூல் விவகாரத்துக்கு வரேன். நாலு மணிக்கு விசிட்டர் மணி அடிப்பாங்க. கிரேஸ் ஸ்கூல் முடிச்சு, கூடைல கஞ்சி தூக்கோட வருவா. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஸ்டூல் உண்டு. என் ஸ்டூல் வலது பக்கம், சுவரோரமா, ஜன்னல் காத்து வர்ற இடத்துல கிடக்கும். இவ வந்ததும் அத தூக்கிட்டுப் போய் இடது பக்கம், எனக்கும் மாணிக்கத்துக்கும் நடுவுல இருக்கற இடுக்குல போட்டு உக்காருவா. முதல் நாள் கவனிக்கல. ரெண்டாம் நாள் கவனிச்சேன். மூணாம் நாள் அது ஒண்ணத்தான் கவனிச்சேன்.

"வாங்க டீச்சரம்மா!"ன்னு அவன் ஆரம்பிப்பான். "சார் இன்னிக்கி இட்லி துன்னாரு. ஹஹ்ஹஹ்ஹா, ஒரு நாள் இன்னாச்சின்னா..."

அந்த மூணாம் நாள்தான், அவன் என் சேவல எடுத்து அவகிட்டயே விட்டான்.

"ஹஹ்ஹஹ்ஹா! டீச்சரம்மா, ஒர்த்தரு ஏலத்துல ஒரு சேவல் எடுத்தாராம்..."

நான் கிரேஸ் தோளப் பாத்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் வர்றதுக்கு முன்னாடியே குலுங்க ஆரம்பிச்சுடுச்சு. நைட் ஷிப்ட் வந்தப்போ கண்ல தண்ணி. அப்புறம் முந்தானை. என் மாமனார், அவளோட சொந்த அப்பா, என்னோட சேவல். கேட்டுக் கேட்டு தேஞ்சு போன ஜோக்குக்கு, எவனோ ஒரு கண்டக்டர் சொல்லி, என் பொண்டாட்டி முந்தானையால வாய மூடிக்கிட்டு சிரிக்கறா.

தூங்கற மாதிரி நடிச்சிடலாம்னு பாத்தேன். ஒரு கண்ணு மூடாதவன் எப்படி நடிக்கறது? அந்த இடது கண்ணு அவங்க பக்கமே திறந்து வச்சு, ஒண்ணு விடாம எனக்குக் காட்டிக்கிட்டே இருந்துச்சு.

அப்புறம் அவ கஞ்சிய ஸ்பூன்ல எடுத்து என் வாய்கிட்ட கொண்டு வந்தா. அதே கஞ்சி, முந்தின நாள் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு வாயில வச்ச உடனே துப்பலாம் போல இருந்துச்சு.

"உப்பே இல்ல."

"நேத்து போட்ட அளவுதாங்க."

"அங்க சிரிச்சிட்டு இங்க வந்து ஊத்தினா உப்பு எங்கேந்து வரும்?"

அவ கைக்குட்டைய எடுத்து, என் இடது வாயோரம் ஒழுகின கஞ்சிய தொடச்சா. அந்தத் தொடப்பு எனக்கு அன்னைக்கு பரிதாபம் மாதிரிப் பட்டுச்சு. தூக்குப் பாத்திரத்த மூடிக்கிட்டு கிளம்பிட்டா. இருந்தும் மறுநாள் வந்து, அதே ஸ்டூல அதே இடுக்குல போட்டா.

டாக்டரம்மாகிட்ட நான் கத்துக்கிட்டது இந்தச் சமயத்துலதான். ஒரு நாள் காலைல அவங்க ரவுண்ட்ஸ் வந்தாங்க. நெத்தி சுருங்கி, உதடு இறுகி, தரையப் பாத்தபடியே நடந்து வராங்க. என் கட்டில்கிட்ட நின்னு, "உங்க ரிசல்ட் எல்லாம் வந்துடுச்சு மிஸ்டர் தேவராஜ். சுகர் இல்ல. பிபி நார்மல். காதுல சீழ் இல்ல"ன்னாங்க.

"பரவாயில்ல டாக்டர், என்கிட்ட மறைக்காதீங்க. கிரேஸ்கிட்ட நானே சொல்லிக்கறேன்"னேன்.

"என்னத்த சொல்லப் போறீங்க?"

"எத்தன நாள்னு."

அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்?"

"நீங்க சொன்ன விதம்..."

குனிஞ்சு காலப் பாத்தாங்க. "அது, செருப்பு வார் அறுந்து போச்சு. இழுத்துக்கிட்டு நடந்து வரேன்."

அப்பதான் முதல் தடவையா அவங்க சிரிச்சுப் பாத்தேன். சிரிச்ச மூஞ்சியோடயே, "சுகர் இல்ல, பிபி நார்மல்"னு திருப்பிச் சொன்னாங்க. அதே வார்த்தைங்க. எனக்கு ஜிலேபி ஊட்டின மாதிரி இருந்துச்சு.

என்னோட வயித்தெரிச்சல யார்கிட்டயாவது கொட்டணுமே. ஜோக் கதைய அவங்ககிட்ட கொட்டிட்டேன். என் சரக்கு, அவன் வாய், அவ சிரிப்பு. என்ன நியாயம் டாக்டர்?

அவங்க கட்டில் ஓரத்துல உக்காந்தாங்க. "மைசூர்பாகு சாப்பிட்ட கையோட காபி குடிச்சிருக்கீங்களா?"

"கசக்கும்."

"காபில சர்க்கரை குறைஞ்சிடுச்சா? இல்ல. நாக்கு ஏற்கனவே ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது. மூளையும் அப்படித்தான். வார்த்தை வர்ற வரைக்கும் அது சும்மா கைய கட்டிக்கிட்டு நிக்காது. முன்னாடி கண்ணுல பட்ட மூஞ்சிய வச்சு, இது பயப்பட வேண்டிய விஷயமா, சிரிக்க வேண்டிய விஷயமான்னு பாதி முடிவு பண்ணிடும். அப்புறம் வர்ற வார்த்தை அந்தப் பாதிக்குள்ளதான் போய் உக்காரும். அவர் முன்னாடியே சிரிச்சிடறார், அதனால கேக்கறவங்க சிரிக்கத் தயாரா இருக்காங்க. நீங்க இத்தன வருஷமா ஜோக்குக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"நானா? ஒண்ணும் பண்ணமாட்டேன் டாக்டர். மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டு சொல்றதுதான் என் ஸ்டைல்."

"உங்க வீட்டம்மாவ கேட்டுப் பாருங்க."

சாயங்காலம் கேட்டேன். கிரேஸ் யோசிக்கவே இல்ல. "இடது புருவத்த இத்துனூண்டு தூக்குவீங்க. அப்புறம் இடது வாயோரம் ஒரு இழுப்பு. அதப் பாத்தாலே எனக்கு சிரிப்பு வந்துடும், நீங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே"ன்னா.

"அப்ப ஜோக்கு?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கும்"னா, டீச்சர் சுமாரா படிக்கற பையன்கிட்ட சொல்ற மாதிரி.

ஆக இருபது வருஷமா சிரிப்பு வாங்கினது என் மூளை இல்ல, என் இடது வாயோரம். அது படுத்துடுச்சு. முழுசா எழுந்திருக்கலன்னா? அந்த 'சில பேருக்கு'ல நான் ஒருத்தனா இருந்தா? சம்பளத்துக்கு ஒண்ணும் ஆகாது, ஃபைல் பாக்கறதுக்கு வாயோரம் தேவையில்ல. ஆனா அந்தத் தோள் குலுங்கறது? அது மாணிக்கத்துக்கும் ஊர்ல இருக்கற மத்த முழு மூஞ்சிக்காரங்களுக்கும் போயிடுமா?

தினமும் காலைல எனக்கு கரண்ட் வைப்பாங்க. ஈரத் துணி சுத்தின ரெண்டு வில்லைய கன்னத்துல அழுத்தி, லேசா மின்சாரம் விட்டா செத்த தசை துள்ளும். நரம்பு திரும்பி வர்ற வரைக்கும் தசை மறந்துடாம இருக்கறதுக்காம். வாயோரம் ஒரு வெட்டு வெட்டி மேல போகும்.

"சார் சிரிச்சிட்டாரு! சார் சிரிச்சிட்டாரு!"ன்னு மாணிக்கம் கத்துவான். சுவிட்ச அணைச்ச உடனே சிரிப்பும் அணையும். அப்புறம் கண்ணாடிய வச்சுக்கிட்டு விசில் அடிக்க, உதட்ட குவிக்க பயிற்சி. காத்துதான் வரும். நைட்டு இடது கண்ணுக்கு மருந்து விட்டு, பஞ்சு வச்சு, பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டுத்தான் தூங்கணும். சிஸ்டர் ஒட்டினா புருவ முடி பிச்சுக்கிட்டு வரும். அதப் பாத்துட்டு கிரேஸ் போறதுக்கு முன்னாடி அவளே பிளாஸ்திரிய சின்னச் சின்னதா வெட்டி, கட்டில் கம்பில வரிசையா ஒட்டி வச்சிட்டுப் போவா. ஓரத்த மடிச்சு வச்சிருப்பா, உரிக்க சுலபமா.

பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ண வந்தது டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள். எண்ணெய் தேச்ச தலை, சாந்தமான குரல். கண்ண மூடி ஜெபம் பண்ணார். நானும் என்னால முடிஞ்ச ஒரு கண்ண மூடினேன். ஆமென் சொன்ன பிறகு அவர் தயங்கித் தயங்கி, "பண்டிகை வருது. ஏலத்துக்கு உங்களால..."ன்னார்.

"பூசணிக்காய்"னு சொல்லிக் காட்டலாம்னு வாய எடுத்தேன். 'பூ' சொல்றதுக்கு ரெண்டு உதடும் சேரணும். வெறும் காத்துதான் போச்சு. பாஸ்டர் தலைய குனிஞ்சுக்கிட்டார்.

அந்த நேரம் பாத்து பக்கத்துல, "ஹஹ்ஹஹ்ஹா... ஒரு நாள் இன்னாச்சின்னா சாமி..."

நாலே நிமிஷம். பாஸ்டர் ஐயா வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சார். கண்ணாடிய கழட்டி தொடச்சிக்கிட்டு, "தம்பி, நீங்க எந்த மதமா இருந்தாலும் பரவாயில்ல, எங்க ஏலத்துக்கு வர முடியுமா?"ன்னார்.

மாணிக்கம் என்னைப் பாத்தான். "சார் இருக்கசொல்ல நான் எப்டி சாமி?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. கிரேஸும்தான். நான் ரொம்பப் பெருந்தன்மையா, "தாராளமா பண்ணுப்பா"ன்னேன். பாதி மூஞ்சில சொன்னதால அது சாபம் குடுத்த மாதிரி விழுந்துச்சாம். அப்புறம் கிரேஸ்தான் சொன்னா. சரியாத்தான் விழுந்திருக்கு.

வீட்டுக்கு வந்தேன். பில் எப்படியோ கட்டினோம், அத விடுங்க. மூஞ்சி வரல. கண்ணாடி முன்னாடி உக்காந்து ஊதி ஊதி தலை சுத்துனதுதான் மிச்சம். ஒரு வாரம், ரெண்டு வாரம். கிரேஸ் கேக்கறத விட்டுட்டா. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் என் மூஞ்சியத் தவிர மத்த எல்லாத்தையும் பாத்துப் பேசினாங்க.

பண்டிகை அன்னைக்கு டாக்டரம்மா சொன்ன கருப்புக் கண்ணாடிய பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். மாட்டினா சினிமா வில்லன் மாதிரி இருந்தேன், அதான். பந்தல்ல ஓரமா, கடைசி வரிசைல உக்காந்தேன். என் வலது பக்கம் நாற்காலி காலியா இருந்துச்சு, அங்கேந்து மேடை நல்லா தெரியும். இடது பக்கம் ஒரு பந்தக்கால், அதுக்கும் எனக்கும் நடுவுல ஒரு முழம் இடம். கிரேஸ் வந்தா. காலி நாற்காலிய தூக்கினா. பந்தக்காலுக்கும் எனக்கும் நடுவுல திணிச்சு, முழங்கால மடக்கிக்கிட்டு உக்காந்தா. அங்கேந்து அவளுக்கு மேடையே தெரியாது. கம்புதான் தெரியும்.

நான் மேடையப் பாத்தேன். மாணிக்கம் நேர் எதிர்ல, ஸ்டூல் மேல கட்டுப்போட்ட கால நீட்டி, ஊன்றுகோல சுத்தியலா தரைல தட்டிக்கிட்டு இருந்தான். இடது பக்கம் அவன் இல்ல. அங்க ஒரு கம்பத்தத் தவிர ஒண்ணுமே இல்ல.

"ஏன் அங்க போய் இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க? இந்தப் பக்கம் வாயேன், நல்லா தெரியும்."

"இல்லீங்க, இங்கேயே இருக்கேன்"னா. கைல கைக்குட்டை மடிச்சு வச்சிருந்தா. "இந்தப் பக்கம் யாராவது உக்காந்தா உங்க மூஞ்சிய பாப்பாங்க. வழிஞ்சா தொடைக்கவும் வசதி."

ஆஸ்பத்திரிலயும் அதுதானான்னு நான் கேக்கல. கேக்கறதுக்குள்ள மேடைல என் வாழ்க்கை வேற பக்கம் திரும்பிடுச்சு.

சேவல். நல்ல சிவப்புக் கொண்டைச் சேவல். மாணிக்கம் அத கால புடிச்சு தூக்கிக்கிட்டு, "ஹஹ்ஹஹ்ஹா! ரைட், ரைட்! ஏறு ஏறு, எடம் கீது, எடம் கீது! யாரு கேக்கறது?"ன்னான்.

முன்னால ஒருத்தர் ஒரு விலை சொன்னார். நான் எப்பவும் போல கண் சிமிட்டினேன்.

"தேவராஜ் சார் மேல கேட்டுட்டாரு! கண்ணாலயே கேக்கறாரு பாரு, பெரிய மன்சன்!"

பதறிப்போய் இன்னும் சிமிட்டினேன்.

"அவர் விலைக்கு அவரே மேல போறாரு! ரைட்!"

"நான் கேக்கலப்பா"ன்னு கத்தினேன். 'லப்பா' காத்தா போச்சு. "கேக்க"ங்கறது மட்டும் பந்தல் பூரா கேட்டுச்சு.

"கேக்கறேங்கறாரு! ஒரு தரம், ரெண்டு தரம்..." ஊன்றுகோல் தரைல இடிச்சுச்சு. "மூணு தரம்! சேவல் சாருக்கு!"

வழக்கப்படி நான் திருப்பிக் குடுப்பேன்னு சேவல மறுபடி தூக்கினான். விட்டது தொல்லைன்னு நிம்மதியா ஒரு மூச்சு விட்டு, சிமிட்டினேன்.

"அட, தான் குடுத்த சேவல தானே எடுக்கறாரு சாமி! இந்த மாதிரி விசுவாசிய எங்கனா பாத்திருக்கீங்களா?"

பந்தலே சிரிச்சுச்சு. எனக்கு இடது பக்கத்துல நாற்காலி கிறீச்சுனு ஆடுச்சு. திரும்பிப் பாத்தேன். கிரேஸோட தோள் குலுங்குது. நான் புருவத்த தூக்கல, வாயோரத்த இழுக்கல, ஒரு ஜோக்கும் சொல்லல. மேடைல இருந்தவனையும் அவ பாக்கல, அவளுக்குத்தான் அவன் தெரியவே தெரியாதே. அவ என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தா. என் கோணல் மூஞ்சிய நேரா பாத்து, கண்ல தண்ணி வழிய, முந்தானைய தேடி, அது பந்தக்கால்ல சிக்கிக்கிட்டு வராம, கடைசில கைக்குட்டையால வாய மூடிக்கிட்டா.

அதப் பாத்து எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. எப்பவும் நான் ஆரம்பிப்பேன், அவ சிரிப்பா. அன்னைக்கு அவ ஆரம்பிச்சா. சிரிச்சதுல வாயோரம் வழிஞ்சுச்சு. அவ சிரிச்சுக்கிட்டே அதே கைக்குட்டையால தொடச்சா. தொடச்ச கை அங்கேயே நின்னுச்சு.

"ஏங்க."

"என்ன?"

"இப்ப பண்ணீங்களே, அத திருப்பி பண்ணுங்க."

"என்னத்த பண்ணேன்?"

"இங்க." விரல என் இடது வாயோரத்துல அழுத்தி வச்சுக்கிட்டா. "இங்க ஒண்ணு துடிச்சுது."

எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா திருப்பிப் பண்ணேன். அவ விரல எடுக்கல. ஏலம் முடியற வரைக்கும் எடுக்கல. சுத்தி இருக்கறவங்க பாத்தாங்க, பாக்கட்டும்னு விட்டுட்டா.

முழுசா வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. சேவல் வீட்டுக்கு வந்துச்சு. ஒழுங்கா விடியக்காலைல கூவுது, நகைச்சுவை உணர்ச்சியே கிடையாது அதுக்கு. மாணிக்கம் கால் சரியாகி, தாம்பரம் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருக்கான். என்னைப் பாத்தா ஃபுட்போர்டுல இருந்தே கத்துவான், "டீச்சரம்மா சொகமா சார்?"னு. சார் சொகமான்னு கேக்கறதில்ல. அதுவுமில்லாம, என் வாயோரம் முதல்ல துடிச்சது அவன் ஜோக்குக்குத்தான்னு பஸ்ஸுல வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு திரியறானாம்.

பொய். அவன் பக்கம் நான் பாக்கவே இல்ல. நான் பாத்துக்கிட்டிருந்தது இடது பக்கம்.